திருப்பும்போது வரும் சத்தம்

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. வைஜெயந்தி மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அண்ணன் வீட்டை நோக்கி நடந்தாள்.

பொங்கலுக்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் முறை. எண்பத்திரண்டு நாட்கள் ஆகியிருந்தன.

பொங்கலன்று அண்ணன் மணிவண்ணனின் காரில் எல்லோரும் கோயிலுக்குப் போய் வந்தார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கீச் என்று ஒரு சத்தம். ஒரு தடவை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வா, பார்த்துவிடலாம் என்றாள் வைஜெயந்தி. சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். மணிவண்ணன் சிரித்தான்.

“ஒர்க்‌ஷாப்ல சேந்ததுலேர்ந்து இவளுக்கு நிக்கிற வண்டியிலயும் சத்தம் கேக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று மாலையே பொம்மையார்பாளையத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு வேலை. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து இரண்டு வருடம். ஆறு மெக்கானிக்குகளில் அவள் ஒருத்திதான் பெண். வெளியாள் யார் சொன்னாலும் தாங்கிக்கொள்வாள். ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த அண்ணனே அப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை.

நேற்று சாயங்காலம் அண்ணி வினோதினி போன் செய்தாள். வழக்கம்போல் சுற்றி வளைக்கவில்லை. ஹெட்மாஸ்டர் நடு வழியில் வண்டியை நிறுத்திவிட்டார் என்றாள்.

மணிவண்ணனின் காருக்கு நிரந்தரமான வேலை ஒன்றுதான். திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்து மணிக்கு மூன்று பேரை டயாலிசிஸுக்குப் புதுச்சேரி அழைத்துப் போக வேண்டும். மதியம் திரும்ப அழைத்து வர வேண்டும். மூவரில் மூத்தவர் தட்சணாமூர்த்தி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மற்ற இருவரையும் சேர்த்துக் கொடுத்தவர் அவர்தான். அவர் வண்டி மாறினால் அவர்களும் மாறுவார்கள். அப்புறம் காரை வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவர் மூன்று மாதமாகச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவந்தார். மணிவண்ணன் மூன்று மாதமாக, சத்தமே இல்லீங்க சார் என்று சொல்லிவந்தான். நேற்று திரும்பும் வழியில், பொம்மையார்பாளையம் தாண்டியதும் அவர் இறங்கிவிட்டார். வெயிலில் இருபது நிமிடம் நின்றார்.

“ஸ்டியரிங் கையோட வந்துட்டா, நம்ம நாலு பேருக்கும் அப்புறம் டயாலிசிஸே தேவைப்படாதுப்பா” என்றாராம்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பேன், சத்தம் இருந்தால் புதன்கிழமை வேறு வண்டி வரும் என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஏறினார்.

அந்த செவ்வாய்க்கிழமைதான் இன்று.

மணிவண்ணன் வாசலில் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் துணியை உதறினான்.

“சாப்ட்டியா?”

“ம்.”

“சத்தம்லாம் ஒண்ணும் இல்ல. உங்க அண்ணிதான் பயந்துகினு போன் பண்ணிட்டா. நீயே ஓட்டிப் பாரு.”

“நீ ஓட்டு. நான் கேக்கறேன்.”

உப்பளத்துக்குப் போகும் மண் ரோட்டில் வண்டியை விட்டான். இரண்டு பக்கமும் பாத்திகள். தண்ணீர் வற்றி வெள்ளை படிந்துகொண்டிருந்தது. வரப்போரம் உப்புக் குவியல்கள். வைஜெயந்தி முன் சீட்டில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணன் வண்டி ஓட்டுவதை அவளுக்குப் பார்க்கப் பிடிக்கும். கோபமாக இருந்தும் இன்றும் பிடித்தது. ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் வண்டியைத் தூக்கி எறிவதுபோல் ஓட்டுவார்கள். இவன் பள்ளத்துக்கு இருபது அடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். உள் கண்ணாடி, வலது கண்ணாடி, இடது கண்ணாடி என்று பார்வை ஓயாமல் போய்வந்தது. பக்கக் கண்ணாடிகளில் சின்ன வட்டக் கண்ணாடிகள் வேறு ஒட்டியிருந்தான். பின்னால் உப்பு லாரி வருவதற்கு வெகு முன்பே ஒதுங்கி வழி விட்டான். ஊசி குத்திய கையோடு மூன்று பேர் பின்னால் தூங்குவார்கள் என்ற நினைப்பு, அவர்கள் இல்லாதபோதும் அவன் கையில் இருந்தது.

முதல் திருப்பத்தில் கீச் என்றது.

அவள் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை.

இரண்டாவது திருப்பத்தில் மறுபடியும் கீச். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக வந்தது.

அவள் எழுதினாள். இடது பக்கம் திருப்பினாலும் வருகிறது, வலது பக்கம் திருப்பினாலும் வருகிறது. நேராகப் போகும்போது வரவில்லை. பள்ளத்தில் இறங்கும்போது வரவில்லை. வெயில் ஏற ஏறக் கூடுகிறது.

வண்டியை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னாள். கீச்.

நிற்கும்போதும் வருகிறது என்றால் சக்கரம் உருளுவதால் வரவில்லை. பிரேக் இல்லை, வீல் பேரிங் இல்லை. நோட்டில் இரண்டையும் அடித்தாள். இப்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவதுதான் பதில். இந்த வேலையில் அவளுக்குப் பிடித்த இடமே இதுதான்.

“இருக்குதா?” என்று கேட்டான் மணிவண்ணன்.

“உனக்குக் கேக்கலியா?”

“ஏதோ லேசா...” என்றான்.

அவள் நோட்டை மூடினாள். பேசினால் பொங்கல் வந்து நிற்கும்.

வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு முன் சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினாள். வினோதினி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினாள். உப்பு பேக்கிங் ஷெட்டில் அவளுக்கு வேலை. இன்று லீவு போட்டிருந்தாள். ஒன்று சொன்னால் அதை மட்டும் செய்வாள், நிறுத்து என்றால் நிறுத்துவாள். ஒர்க்‌ஷாப்பில் இப்படி ஓர் உதவியாள் கிடைக்கமாட்டானா என்று வைஜெயந்தி நினைத்துக்கொண்டாள்.

பாரம் இல்லாதபோதும் சத்தம் வந்தது. டயர் தரையில் உரசுவதும் இல்லை. அதையும் அடித்தாள்.

இனி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காருக்குள் இருந்து கேட்டால் டேஷ்போர்டு முழுவதும் சத்தம் போடுவதுபோல் இருந்தது. தகரம் எங்கே உரசினாலும் உடம்பெல்லாம் கொண்டுபோகும். அவள் பையிலிருந்து ஒரு முழ ரப்பர் டியூப்பை எடுத்தாள். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைச் சந்தேகப்படும் இடத்தில் வைத்தால் அந்த இடத்தின் சத்தம் மட்டும் கேட்கும்.

உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் ஒரே சமயத்தில் கேட்டால் நல்லது. டியூப்பை அண்ணனிடம் கொடுத்து பானெட் பக்கம் அனுப்பினாள். அவள் உள்ளே டேஷ்போர்டு ஓரமாகக் காதை வைத்துக்கொண்டாள். வினோதினி திருப்பினாள்.

மணிவண்ணன் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தான். இடது பக்கம், சஸ்பென்ஷன் மேல் முனை வந்து சேரும் இடத்தில் நின்றான்.

“இங்கதான். நல்லா கேக்குது.”

அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு பேரிங் உண்டு. உப்புக் காற்று புகுந்தால் துருப்பிடித்துக் கத்தும். கடலோர வண்டிகளில் பத்துக்கு ஆறு அதுதான். அண்ணன் சரியாகக் கண்டுபிடித்துவிட்டானே என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

சக்கரத்தைக் கழற்றி, மேல் நட்டுகளை எடுத்து, பேரிங்கை வெளியே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆயிற்று. விரலால் சுழற்றினாள். வெண்ணெயில் சுழல்வதுபோல் சுழன்றது. துரு ஒரு பொட்டுகூட இல்லை. இருந்தும் துடைத்து, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டினாள். எல்லாம் முடிந்தபோது மணி ஒன்று.

வினோதினி திருப்பினாள். கீச்.

வைஜெயந்தி டியூப்பை எடுத்து அதே இடத்தில் தானே வைத்துக் கேட்டாள். அங்கே சத்தமே இல்லை. தள்ளி வைத்துக் கேட்டாள். அங்கேயும் இல்லை.

அப்படியானால் அண்ணனுக்கு எது கேட்டது?

அந்த நேரத்தில் அவர்களின் அப்பா, பாவாடை என்று பெயர், உப்பளத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்தார். விடியற்காலை நாலரைக்குப் போனவர். முழங்கால்வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. ஜாக்கியில் நின்ற காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போற வண்டிக்கே ஆபரேஷனா?”

வைஜெயந்தி பாய் விரித்து வண்டிக்கு அடியில் போனாள். டார்ச்சை அடித்தவள் அப்படியே கிடந்தாள்.

ஏழு வருட வண்டி அது. இந்தக் கடற்கரையில் ஏழு வருடம் ஓடிய வண்டிகளின் அடித்தகரம் சல்லடையாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்குரூடிரைவரால் குத்தினால் மறுபக்கம் வந்துவிடும். இதில் ஒரு துருப் புள்ளிகூட இல்லை. கறுப்பாக, பளபளவென்று, நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

“ப்பா, இது எப்படி?”

பாவாடைக்கு அதைவிட நல்ல கேள்வி கிடையாது. தோட்டத்துப் பக்கம் போய் ஒரு டின்னும் பிரஷ்ஷும் கொண்டுவந்தார். டின்னில் வேஸ்ட் ஆயில். உப்பளத்தில் இரும்பு என்று எது இருந்தாலும் அதைத்தான் அடிப்பார்கள். பம்பு ஸ்டாண்டு, மண்வெட்டி, ஷெட்டுக் கதவின் கீல் எல்லாவற்றுக்கும் அதுதான். அடிக்காவிட்டால் ஒரே வருடத்தில் உப்பு தின்றுவிடும். மகன் கார் வாங்கிய நாளிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் காருக்கு அடியில் படுத்து, ஒரு சந்து பொந்து விடாமல் அடித்துவந்தார். போன வருடத்திலிருந்து பானெட்டைத் திறந்து மேலேயும் அடிக்கிறாராம்.

“கம்பி போற ஓட்டை, ராடு போற ஓட்டை, எதையும் உட்டது இல்ல. இந்தத் தெருவுல இப்படி ஒரு வண்டியக் காட்டு பாக்கலாம்.”

காட்ட முடியாது. அது உண்மை. அந்த வயதில், உப்பு வாரி வாரி வந்த வலியோடு, மாதா மாதம் மல்லாந்து படுத்து அடித்த கை அது. அவள் டார்ச்சை அணைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிப்ளமோ லேப் நினைவுக்கு வந்தது. ஒரே அளவில் இரண்டு ரப்பர் வளையங்கள். ஒன்றைத் தண்ணீரிலும் இன்னொன்றை என்ஜின் ஆயிலிலும் போட்டு ஒரு வாரம் வைத்தார்கள். தண்ணீரில் இருந்தது அப்படியே இருந்தது. ஆயிலில் இருந்தது ஊதிப்போய், பழைய பள்ளத்தில் உட்கார மறுத்தது. ஆயில் இரும்பை ஒன்றும் செய்யாது. சாதாரண ரப்பருக்குள் அது ஊறிப் போய்விடும்.

ராடு போகிற ஓட்டை என்று அப்பா சொன்னார்.

அவள் வெளியே வந்து டிரைவர் சீட்டுக்கு முன்னால், ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தாள். பெடல்களுக்கு மேலே, ஸ்டியரிங் ராடு தகரத்தைத் துளைத்துக்கொண்டு என்ஜின் பக்கம் போகிறது. அந்த ஓட்டையில் தண்ணீரும் தூசியும் வராமலிருக்க ராடைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. விரலால் தொட்டாள். ஊறிய இட்லிபோல் அமுங்கியது. ராடைக் கவ்விக்கொண்டு பிதுங்கியிருந்தது. இடுக்கில் உப்புத் தூள்.

டியூப்பை வைத்தாள். “திருப்புங்க அண்ணி.”

காதுக்குள் கத்தியது.

ஒரு ஸ்பூனில் சோப்புத் தண்ணீர் எடுத்து அந்த விளிம்பில் விட்டாள். சத்தம் நின்றது. இரண்டு நிமிடம் கழித்து ஈரம் காய்ந்ததும் மறுபடி வந்தது. இன்னொரு ஸ்பூன் விட்டாள். நின்றது. இனிச் சந்தேகம் இல்லை. ஸ்டியரிங் உடையப் போவதில்லை. ஒரு ரப்பர் வளையம் மாற்றினால் போதும்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் நோட்டில் அடிக்கப்படாமல் ஒரு வரி இருந்தது. ‘இடது பக்கம், நல்லா கேக்குது.’

டிரைவரின் காலுக்கு மேலே ஒரு முழ தூரத்தில் வரும் சத்தம் இது.

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். டியூப்பின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். மறு முனையை சீலின்மேல் வைத்துக்கொண்டாள். வினோதினி திருப்பினாள், சத்தம் வந்தது. அவன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இங்கதான். நல்லா கேக்குது.”

காலையில் சொன்ன அதே வார்த்தைகள்.

இரண்டாவது தடவை அவள் கையைக் கீழே இறக்கி, அண்ணிக்கு மட்டும் தெரியும்படி, திருப்ப வேண்டாம் என்று சைகை காட்டினாள். ஸ்டியரிங் அசையவில்லை. எங்கும் சத்தம் இல்லை. அவள் புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தினாள்.

“ஆமா, கேக்குது” என்றான் மணிவண்ணன்.

வைஜெயந்தி டியூப்பைச் சுருட்டினாள். “சரிண்ணா” என்றாள். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

அவன் தண்ணீர் குடிக்கப் போனதும் சீட்டில் இருந்த அண்ணியைப் பார்த்தாள். வினோதினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தாள்.

“எவ்ளோ நாளா அண்ணி?”

“அவருதான் சொல்லணும் ஜெயந்தி. நான் சொல்ல மாட்டேன்.” பிறகு தணிந்த குரலில், “பொங்கல் அன்னிக்கு நைட்டு அவரு தூங்கல. நீ சொன்ன அந்தச் சத்தத்த தேடிகினு தனியா வண்டிய எடுத்துகினு போயிட்டு வந்தாரு” என்றாள்.

வைஜெயந்திக்குக் கண் எரிந்தது. எண்பத்திரண்டு நாட்களாகத் தன் காதை அவன் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அழ நேரமில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை செய்யும் ஆரோக்கியராஜுக்கு சீலின் போட்டோவை அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

“லீவு போட்டுட்டுப் போயி அங்கயும் வண்டிக்கு அடியிலதானா? உனக்குலாம் எதுக்கும்மா லீவு?”

ஸ்டோரில் ஒன்று இருந்தது. ஈ.சி.ஆரில் வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினான். மூன்றே முக்காலுக்கு மணிவண்ணன் பைக்கில் போய் ஸ்டாப்பில் நின்று வாங்கிவந்தான்.

அதற்குள் வைஜெயந்தி பாதி வேலையை முடித்திருந்தாள். பேட்டரி ஒயரைக் கழற்றினாள். சீட் பெல்ட்டை ஸ்டியரிங் வளையத்தில் சுற்றி இழுத்து, அது சுற்றாமல் கட்டினாள். ராடு வந்து சேரும் இணைப்பில் அடையாளம் வைக்க அண்ணியின் நெயில் பாலிஷைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் சேரும்படி ஒரு சிவப்புக் கோடு போட்டாள். அந்த இணைப்பின் பற்களில் ஒன்று மாறி உட்கார்ந்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது. அதன் பிறகுதான் போல்ட்டைக் கழற்றினாள்.

பழைய சீல் கையோடு பிய்ந்து வந்தது. புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விரற்கடை அளவு பெரிதாக இருந்தது. பாவாடை இரண்டையும் கையில் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“நான் பண்ணதா இது?”

“இரும்புக்கு நீ பண்ணத எந்த ஒர்க்‌ஷாப்பும் பண்ணாதுப்பா. ரப்பர் இருக்கற எடத்த மட்டும் உட்டுடு.”

அவர் வெகு நேரம் யோசித்தார். பிறகு, இனிமேல் ரப்பருக்கெல்லாம் கேரி பேக் கட்டிவிட்டு அடிப்பதாகச் சொன்னார். அது தேவலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ராடையும் ஓட்டையையும் சோப்புப் போட்டுத் தேய்த்து ஆயிலை எடுத்தாள். கழுவ போர்வெல் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு. வினோதினி குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து வைத்தாள். காய்ந்த பிறகு புதிய சீலின் உள்விளிம்பில் சிலிக்கான் கிரீஸ் தடவி, ராடில் ஏற்றி, அழுத்தி உட்கார வைத்தாள். சிவப்புக் கோடு ஒன்றாகச் சேர்ந்தது. போல்ட்டை முறுக்கினாள். சஸ்பென்ஷன் ரப்பர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு லேசாக இளகியிருந்தன. ஆபத்து இல்லை, அடுத்த மாதம் மாற்றலாம் என்று குறித்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு ஒரு சுற்று போய் வந்தார்கள். உப்பள ரோட்டின் ஏழு திருப்பங்களிலும் சத்தம் இல்லை. மணிவண்ணன் கடைசித் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கி அவளைப் பார்த்தான். கேட்கவில்லை, பார்த்தான்.

“போச்சுண்ணா” என்றாள்.

அவன் தலையசைத்தான். அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.

ஆறு மணிக்குக் குடையை ஊன்றிக்கொண்டு தட்சணாமூர்த்தி வந்தார். மெலிந்து, கால் வீங்கி, கறுத்துப்போயிருந்தார். சட்டை மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல் கஞ்சி போட்டு நின்றது. முன் சீட்டில் உட்கார்ந்தார். வைஜெயந்தியும் வினோதினியும் பின்னால் ஏறினார்கள்.

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் திருப்பம். இரண்டாவது. வரப்போரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார். பாத்திகளுக்கு அப்பாலிருந்து வந்த காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை.

கண்ணைத் திறந்து, என்ன செய்தாய், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். வைஜெயந்தி சொன்னாள். முதலில் குரல் தடுமாறியது. வேலையைப் பற்றிய பேச்சு என்பதால் போகப் போகச் சரியாயிற்று. எதையெல்லாம் அடித்தாள், சோப்புத் தண்ணீரை ஏன் இரண்டு தடவை விட்டாள், சிவப்புக் கோடு எதற்கு என்று எல்லாம் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

“முப்பத்தோரு வருஷம் சயின்ஸ் எடுத்தேன்மா. இப்படி அடுக்கிச் சொன்ன பிள்ளைங்கள ஒரு கையில எண்ணிடலாம்.”

மணிவண்ணன் கண்ணாடி வழியே தங்கையைப் பார்த்தான். அவன் முகம் முழுவதும் விரிந்திருந்தது.

“நாளைக்கு இந்த வண்டியிலயே போலாம்” என்றார் ஹெட்மாஸ்டர். வினோதினி விரலில் சுற்றி வைத்திருந்த புடவைத் தலைப்பை விடுவித்தாள். அவர் இன்னும் முடிக்கவில்லை. “ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. பின் சீட்டுல பாதித் தூக்கத்துல இருக்கற எனக்கே கேட்டுச்சு. இவன் கால்கிட்ட வர்ற சத்தம். ஏம்பா மணி, மூணு மாசமா ஏன் இல்லன்னு சொன்ன? கேட்டுகினே இல்லன்னு சொல்றவன் வண்டியில நான் எப்படிப்பா தூங்கறது?”

மணிவண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தான்.

வைஜெயந்தி முந்திக்கொண்டாள்.

“அண்ணனுக்குக் கேட்டிருக்காது சார். அந்தச் சத்தம் தகரம் வழியா பின்னாடி போயிதான் பெரிசாவும். டிரைவர் சீட்டுல ஒண்ணும் தெரியாது. எங்க ஒர்க்‌ஷாப்லயும் இதே மாதிரி ரெண்டு வண்டி வந்துது.”

சொல்லிவிட்டாள். இரண்டு வருடத்தில் ஒரு வண்டியைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய். காது மடல் சுட்டது.

ஹெட்மாஸ்டர் அதை நம்பினார். இவ்வளவு நேரம் அடுக்கிச் சொன்ன பெண் சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வார். அப்படியா, இது எனக்குத் தெரியாதே என்றார். ஸ்டியரிங்கையும் பின் சீட்டையும் மாறி மாறிப் பார்த்து, மனதில் வாங்கிக்கொள்வதுபோல் தலையாட்டினார். சரி, கிளம்பு, காலையில் ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறேன் என்றார்.

மணிவண்ணன் வண்டியைக் கிளப்பவில்லை. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். இடது பக்கம் முழுவதும் திரும்பி, அவருக்கு நேராக உட்கார்ந்தான்.

வினோதினி அவன் தோளில் கை வைத்தாள். அவன் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

“அவ எனக்காகப் பொய் சொல்றா சார். அந்தச் சத்தம் டிரைவர் சீட்டுலதான் நல்லா கேக்கும். பொங்கல் அன்னிக்கே அவ கரெக்டா சொன்னா. அவ வேலையில ஒரு தப்பும் இல்ல, எனக்காக அவ அத மாத்திச் சொல்லக் கூடாது.”

அவன் குரல் எப்போதும்போல் கொஞ்சம் உரக்கவே இருந்தது.

“வண்டி வாங்கறதுக்கு முன்னாடி உப்பு மில்லுல ஒம்பது வருஷம் மிஷினு பக்கத்துல நின்னேன். இந்த எடது காதுல பேச்சு கேக்கும், கீச்சுனு வர்ற மெல்லிசு சத்தம் எதுவும் வராது. வலது காது எனக்குக் கேக்கவே கேக்காது சார்.”